பக்கம் பத்தொன்பது

களியக்காவிளை பார்சல் ஆபீஸிலிருந்து
ஐந்நூறு பிரதி வந்து இறங்கிய அன்று
என் நாத்தனார் மேபல் றீத்தா
திறந்த முதல் புத்தகத்திலேயே கண்டுபிடித்தாள்.
பத்தொன்பதாம் பக்கம், கடைசி ஆமென்,
ஆல்டோ வரி.
ஸோ இருக்க வேண்டிய இடத்தில் லா.

சோல்ஃபா எழுத்தெல்லாம் நான் அடித்ததுதான்.
இடது மோதிர விரலின் வேலையை
வலது மோதிர விரல் செய்துவிட்டது.
நாலு முறை ப்ரூஃப் பார்த்தேன்,
முக்காற்புள்ளிகளை எண்ணினேன், கோடுகளை எண்ணினேன்.
பாடிப் பார்க்கவில்லை.

பாட்டைக் கட்டியவர் யோபுதாஸ்,
பாறசாலை டிப்போவில் கண்டக்டர்.
போனில் சொன்னேன்.
விசில் சத்தம், சில்லறைக்கு யாரோ சண்டை.
"ஆல்டோவ ஆரு பிள்ளே கேக்கப் போறா" என்றார்.

சிவப்பு மசிப் பேனா வாங்கி
இருபத்தெட்டைத் திருத்தியதும் கை ஓய்ந்தது.
மிச்சத்தை அப்படியே விற்றேன்.

விற்றேன் என்பது பெரிய சொல்.
அறுப்புப் பண்டிகை ஏலத்தில்
பூசணிக்கும் சேனைக்கும் நடுவே மேசை போட்டேன்.
செந்துளுவன் குலை ஆயிரத்து இருநூறுக்குப் போயிற்று.
புத்தகம் தொண்ணூறு ரூபாய்.
"பிடிஎஃப் உண்டா?" என்றார்கள்.
ஒரு டெனர்கூட இல்லாத சபையில்
டெனர் வரியின் அழகைப் பாடிக் காட்டினேன், பெண் குரலில்.
டிசம்பர் கணக்கு: அறுபத்தொன்று.
மீதி கட்டிலுக்கடியில்.

பிறகு வெள்ளறடையில் ஒரு கல்யாணம்.
நான் ஒரு பிரதிகூட விற்காத சபை.
பீடத்துக்கு இடப்பக்கம் இருபத்தாறு பேர்,
எல்லார் கையிலும் ஜெராக்ஸ்.
தமிழ் வரிக்குக் கீழே பென்சிலால் மலையாளம்.
சொற்கள்தான் செக்போஸ்ட்டில் சட்டை மாற்றுகின்றன,
டோ ரே மீ அப்படியே கடந்து போகிறது.
கடைசி ஆமென் வந்தது.
ஒன்பது பெண்கள், ஒரே மூச்சில்,
லா.
என் வலது மோதிர விரல்.

அதற்குப் பிறகு காது சும்மா இருக்கவில்லை.
பனச்சமூடு கன்வென்ஷன் பந்தலில், லா.
உச்சக்கடைக்கு அப்பால் ஒரு அடக்க ஆராதனையில்,
அழுதுகொண்டே, லா.
செத்தவருக்காக நிற்கிற வரிசையில் நின்று
நான் ஆல்டோக்களை எண்ணினேன்.
டைரியின் பின்பக்கம் இருநூறைத் தாண்டியது.
தொண்ணூறால் பெருக்கியும் பார்த்தேன்,
காகிதக் கடைக்காரருக்கு முழுப் பாக்கியும் தீர்த்து
ஒரு ப்ரின்டரும் வாங்கலாம்.
களவு போன ஆட்டின் காதில்
என் அடையாள வெட்டு மட்டும் பத்திரமாக இருந்தது.

குழித்துறையில் கூட்டுப் பாடகர் விழா.
மேபலின் சபை சிவப்பு மசியோடு ஸோ,
வெள்ளறடைக்காரர்கள் லா.
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உரசின.
ஆர்கன் வாசித்தவர் தலையைத் தூக்கினார்.
டியூட்டி முடிந்து காக்கியோடே வந்த யோபுதாஸ்
கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.
"ஸோ மட்டும்னா ஸ்டாப்பு வந்தாச்சு, எல்லாரும் எறங்கியாச்சு.
இது, வண்டி நின்னுட்டு,
ஒருத்தரும் எறங்கல்ல."
நல்லதா கெட்டதா என்று அவர் சொல்லவில்லை.

வாசலில் வெள்ளறடை கொயர் மாஸ்டர் என்னைப் பிடித்தார்.
ஜெராக்ஸ் மங்கிப்போனதாம். நாற்பது புக்கு வேண்டுமாம்,
ரொக்கம்.
"திருத்தாததா பாத்துத் தரணும் கேட்டீளா.
பிள்ளைய அதத்தான் படிச்சிருக்கு."

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் கையை விட்டேன்.
முதல் கட்டு, பக்கம் பத்தொன்பது: சிவப்பில் ஸோ.
இரண்டாம் கட்டு: ஸோ.
சுவரோரம் ஒட்டடை பிடித்துக் கிடந்த கடைசிக் கட்டு வரைக்கும்
அதே சாய்ந்த கையெழுத்து.
மேபல் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
"ராத்திரி பத்து பத்தாப் போட்டேன் மைனி,
ஆராதனைல பாடுறதுல்லா" என்றாள், திரும்பாமல்.

நான் கறுப்பு மசிப் பேனா வாங்கப் புறப்பட்டேன்.