ஐம்பத்தெட்டுப் புள்ளி நான்கு

பாஹாவ் பட்டணத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன்.
முதல் கடைப் பையன் சிரித்தான்:
"கோல்ஃப் வண்டிக்கா? அக்கா கோல்ஃப் ஆடுவீங்களா?"

ஆடுவேன் தம்பி.
விடிய நாலரைக்கு
நூற்றிருபது பொட்டலம் நாசி லெமாக்,
ஒரு வாளி சம்பல், ஒரு வாளி தேத்தண்ணி,
ஒன்பது குழி இல்லை, ஒன்பது வளைவு,
லயத்திலிருந்து செம்பனை ஆலை வாசல் வரைக்கும்.

எஸ்டேட் கிளப்பை மூடியபோது
ஏலத்தில் வந்த வண்டி அது.
மேனேஜர்கள் மட்டை சாய்த்த இடத்தில்
இப்போது வாழையிலைக் கட்டு.
ஆறு ஈய பேட்டரி, முப்பத்தாறு வோல்ட்,
வாரம் தவறாமல் தண்ணீர் கேட்கும்.
என் கைலிகளில் பாதிக்கு
அமிலம் தின்ற பொத்தல்.
போன நவம்பர் மழையில்
நாற்றங்கால் மேட்டில் ஏறமாட்டேன் என்று நின்றது.
நாற்பத்தொரு பொட்டலம்
நாய்களுக்கும் எனக்கும்.

கூட்டுப் பணம் விழுந்ததும்
லித்தியம் போட்டுவிட்டேன். நாற்பத்தெட்டு.
மாட்டிக் கொடுத்த தர்மசீலன்
பழைய சார்ஜரைக் காலால் தள்ளினான்.
"இது எட்டாது.
ஈயத்துக்குச் செய்த நாற்பத்தெட்டு வாங்கினா மிஞ்சிடும்.
இந்த நம்பர்ல நிக்கணும், ஒரு முடி கூடக்கூடாது."
நாட்காட்டித் தாளின் பின்பக்கம்
58.4 என்று எழுதி
இரண்டு கோடு போட்டான்.

அந்தத் தாளை நீட்டினேன்.

"எல்லாம் ஒண்ணுதான்," என்றது முதல் கடை.
ஒன்றென்றால் விலை ஏன் மூன்று?

இரண்டாம் கடையில் பழசு, நூற்றெண்பது வெள்ளி.
மாதம் ஒருமுறை தானாகவே
பேட்டரியைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யுமாம்.
பெருமையாகச் சொன்னார்.
ஈயத்துக்கு அது எண்ணெய்க் குளியல்,
என்னுடையதற்குக் கொள்ளி.

மூன்றாவது தவுக்கே முப்பது ஆம்பியரை எடுத்து வைத்தார்.
மூன்றரை மணி நேரத்தில் நிறையும், ராக்கெட் மாதிரி.
என் வீட்டு ஒயரைப் பார்த்ததில்லை அவர்.
சோற்றுப் பானையும் ராக்கெட்டும் சேர்ந்து எரிந்தால்
எனக்கும் இருட்டு,
பக்கத்து வீட்டு முனியம்மாவின் சீரியலுக்கும் இருட்டு.
எனக்கு என்ன அவசரம்?

நாலாவது கடை, மீன் பசாருக்குப் பின்னால்.
மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி வைத்து
சீனத்தி அட்டையைப் படித்தாள்.
பதினைந்து ஆம்பியர்.
லித்தியம் என்று போட்டிருக்கிறது.
ஐம்பத்தெட்டு புள்ளி நாலு என்றும் போட்டிருக்கிறது.
"கரண்ட் போய் வந்தா விட்ட இடத்துல தொடருமா?"
"எனக்குத் தெரியாது," என்றாள் மலாயில்.
"கொண்டு போ. அளந்து பார். சரியில்லையா, திரும்பக் கொண்டு வா."

அன்று முழுக்க
தெரியாது என்று சொன்ன ஒரே ஆள்.
அறுநூற்றிருபதை எண்ணி வைத்தேன்.

எட்டு மணிக்குச் செருகினால்
மூன்றுக்கு நிறையும்.
மூன்றுக்குத்தான் என் அரிசி ஏறும்.
ஒயர் இருவரையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டாம்.

பழையது ஜன்னலுக்குக் கீழே ஏழு வருஷம்
தொண்டையில் சளி கட்டிய ஆள் மாதிரி உறுமியது.
இது மூச்சு விடவில்லை.
ஒரு மணிக்குத் திடுக்கிட்டு எழுந்தேன்,
அந்தச் சத்தமில்லாமையில்.
ஒன்றரைக்கு மறுபடி.
பிறகு படுக்கவில்லை.
தர்மசீலனிடம் இரவல் வாங்கிய மீட்டரோடு
வண்டிப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
இடையில் இடி. லயம் முழுக்க அணைந்தது.
கரண்ட் திரும்பியது.
சிவப்பு விளக்கு ஒரு தரம் யோசித்து
எரிந்தது.

ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு.
கொசு கடித்த காலைச் சொறிந்துகொண்டே
புள்ளி நாலு.
வெகு நேரம் அங்கேயே.
ஏறவே இல்லை.
மூன்று தாண்டிப் பதினோரு நிமிஷம்,
உள்ளே ஒரு சின்ன 'டிக்',
விளக்கு பச்சையானது.

நின்றுவிட்டது. யாரும் சொல்லாமல்.

உலையில் அரிசியைப் போட்டேன்.

பழைய சார்ஜரைத் தூக்கி எறியவில்லை.
பன்னிரண்டு கிலோ இருக்கும்.
தேங்காய்ப் பீப்பாய் மூடிமேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.
குரங்குகள் இரண்டு நாளாகத்
தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.