கோட்டுக்கு வெளியே

ஊசிமுனை அளவுதான் காயம்.
காட் மீனின் வாயிலிருந்து கழற்றும்போது
தூண்டில் முள் புறங்கையில் இறங்கியிருக்கிறது,
முந்தாநாள்.
அவ்வளவுதான் என்றான் ஊட்வார்.
சொல்லும்போதே பல்லைக் கடித்தான்.

வார்டோவில் அது சூரியன் எழாத மாதம்.
காலை பத்து மணி என்பது
சுவர்க் கடிகாரம் மட்டும் சொல்லும் செய்தி.
விளக்கடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கொஞ்சம் சிவப்பு. கொஞ்சம் வீக்கம்.
பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருப்பேன்,
வேறு ஆளாக இருந்திருந்தால்.

கடைவாய்ப் பல்லைத் தானே குறட்டால் பிடுங்கிக்கொண்டு
அன்று மாலையே வலையிழுக்கப் போனவன் இவன்.
சட்டைக்கை உரசியதற்கு அழுகிறான்.
என் கண்ணுக்குத் தெரிவதும்
அவன் படும் பாடும்
ஒன்றோடொன்று பொருந்தவில்லை.
பொருந்தாததைத்தான் முதலில் குறித்துக்கொண்டேன்.

சிவப்பின் ஓரம் சுற்றி
நீலப் பேனாவால் கோடு.
பக்கத்தில் நேரம்: 10.20.
கோட்டுக்கு வெளியே, சிவக்காத தோலில்
ஒரு விரல் வைத்தேன்.
கட்டை மாதிரி இறுகியிருந்தது.
அங்கேயும் துடித்தான்.

11.05.
கோட்டைத் தாண்டி மணிக்கட்டு ஏறிவிட்டது.
நாடி நூற்று முப்பது. இரத்த அழுத்தம் சரிகிறது.
சிவப்பு ஊதாவாகி, ஊதாவுக்குள் சாம்பல் படர்ந்து
ஒரு கொப்புளம்;
உள்ளே பாத்திரம் கழுவிய தண்ணீர்.

இறுகிய பனியை மிதிப்பதுபோல்
தோலுக்கடியில் நொறுநொறுக்கும் என்று
படித்திருக்கிறேன்.
அவன் கையில் அது இல்லை.
அது வரட்டும் என்று காத்திருந்தவர்களையும்
பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் ஊட்வார் சிரித்தான்.
"வலி விட்டுவிட்டது, ரங்ன்ஃப்ரிட்.
படகுக்குப் போகட்டுமா?"

கிள்ளினேன். தெரியவில்லை அவனுக்கு.
இன்னும் அழுத்திக் கிள்ளினேன்.
ஜன்னலைப் பார்த்தபடி
மீன் விலை பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு கையில் போன், மறு கையில் மருந்து பாட்டில்.
ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றது மறுமுனை.
முதலில் கத்தி தயாராகட்டும் என்றேன்.
என் வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம்
குரல் உயர்த்தியது அந்த ஒரு முறை.
ஓடுபாதையில் காற்று.
விமானம் இருபது நிமிடம் வானத்தில் வட்டமிட்டது.
நான் மூன்றாவது கோடு போட்டேன்,
முழங்கைக்குக் கீழே.

ஏப்ரலில் வந்தான்.
இரண்டு விரல் இல்லை.
முன்கையில் தொடைத் தோல், தையல் போட்ட பாய்மரத் துணி.
இல்லாத விரல் குளிர்கிறது என்று
முறையிட்டான். காபி ஆறிவிட்டது என்று முறையிட்டான்.
நாற்காலி சரியில்லையாம்.

நான் எழுந்திருக்கவில்லை.
சொல்லட்டும்.