முதற்பாதை

எங்களூரில் பாதை என்றால் தண்ணீரில் மிதப்பது.
மண்டூர்த் துறையில் ஐந்தரைக்கே வந்து நின்றேன்,
இரவு எட்டுக்குப் பிறகு
பச்சைத் தண்ணீர் மட்டும் பட்ட வாயோடு.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு பால் கேன்,
வெண்டிக்காய் மூட்டையில் சாய்ந்து தூங்கும் ஒருவன்,
பதினொரு கிழமைக் கரு.
அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

"இப்பவே என்னத்துக்குகா ஊசி?
வயிறே தெரியல்லியே" என்றாள் மச்சாள்.
மிட்வைஃப் நஸ்லிமா மிஸ்
கிளினிக் அட்டையில் மூத்தவனின் நிறையைச் சுற்றி
இரண்டு தரம் வட்டம் போட்டிருந்தா.
நாலு கிலோ முந்நூறு.

நாலு கிலோ முந்நூறு!
வாட்டு முழுக்க வந்து பார்த்தது.
ஆனைக்குட்டி என்றார்கள். நாவூறு கழித்தார்கள்.
தோள் சிக்கி நின்ற அந்த நாலு நிமிசத்தை
எவரும் கேட்கவில்லை.
யதுசனுக்கு இப்போது ஐந்து வயது.
இடக்கை தோளுக்கு மேல் ஏறாது.
சட்டை போடும்போது அந்தக் கையைத்தான்
முதலில் நுழைக்க வேண்டும்.
பழகிவிட்டது.

களுவாஞ்சிக்குடி. ஆசுபத்திரி வாங்கு. முதல் ஊசி.
மறுகா, எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் கரைத்த குவளை.
ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும்,
மடக்கென்று குடிக்கவும் கூடாது,
சத்தி எடுத்தால் இன்னொரு நாள் வர வேண்டும்.
வருசப் பிறப்புக்குக்கூட
இவ்வளவு இனிப்பை ஒரே இருப்பில் நான் தொட்டதில்லை.

இரண்டு மணித்தியாலம் எழும்பித் திரியக் கூடாது.
பக்கத்தில் இருந்தவளுக்குத் துறைநீலாவணை.
சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் பிந்துகிறது என்று
என் போனைக் கேட்டுக் கேட்டு நிரூபித்தாள்.
நான் குகேந்திரனை நினைத்துக்கொண்டிருந்தேன்.
நவகிரிக் குளத்தில் நீர்மட்டம் வாசிக்கிற வேலை.
வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லாத நாளிலும்
விடியப் போய் அளவுகோலைப் பார்ப்பார்.
கேட்டால் சொல்வார்,
வான் பாய்ஞ்ச பிறகு அளந்து என்ன செய்யிற?

இரண்டாம் ஊசி. மூன்றாம் ஊசி.
பகல் ஒரு மணிக்குத் துண்டு வந்தது.
வெறும் வயிற்றில் தொண்ணூற்றெட்டு.
போனில் நஸ்லிமா மிஸ்:
"பயப்புடாத புள்ள, நேரத்தோட புடிச்சிட்டம்."
வளவுக்குள் புகுந்த கள்ளனைப் பிடித்தமாதிரிச் சொன்னா.

பயம் வரவில்லை.
கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.
ஐந்து வருசத்துக்கு முன்னால்
இந்தக் குவளை எங்கே இருந்தது?
வாங்கில் இருந்து கொஞ்சம் அழுதேன்.
துறைநீலாவணைக்காரி தன் சோற்றுப் பொதியை அவிழ்த்து
பாதியை என் பக்கம் தள்ளினாள்.
சோற்றைக் குறை, மீனை எடு என்றாள்,
அதற்குள் எல்லாம் தெரிந்தவள் போல.

திரும்பும் பாதையில் காற்று.
சோறு அளக்கச் சொன்ன சின்னக் கோப்பை
பைக்குள் கிலுங்குகிறது.
மண்டூர்க் கரையில் மச்சாளின் சீலையைப் பிடித்தபடி யதுசன்.
என்னைக் கண்டதும் பிடியை விட்டு
வலக்கையை ஆட்டினான்.
எனக்கு மூன்று இடத்தில் பஞ்சு ஒட்டிய இடக்கை
மடித்தபடியே இருந்தது, நீட்டினால் நோகிறது.
மற்றக் கையைத்தான்
நானும் தூக்கினேன்.