வண்டி மை

வடக்குவெளி வீதியில் பேரிங் கடை எனக்கு.
படம் பார்க்கிறவன்தான், படம் தெரிந்தவன் இல்லை.
பிரிட்டோ கூப்பிட்டால் போவேன்.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு,
ஞானஒளிவுபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மாடி,
எட்டுமுழ வேட்டிதான் திரை,
இருபது நாற்காலி, பதினோரு பேர்.
விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க
ஒருவன் மட்டும் முன்னாலேயே வந்துவிடுவான்.
அது நான்.

போன மாதப் படத்தில்
ஒரு மாட்டுவண்டி போனது.
போனது.
ஒன்பது நிமிடம் போனது.
வண்டியில் வைக்கோல் இல்லை, பெண் இல்லை, பிணம் இல்லை.
பாட்டாவது வரும் என்று பார்த்தேன்.
ஒரு காக்கா வந்தது, அதுவும் நிற்கவில்லை.
கிரீச். ஒரு சுற்று. கிரீச்.
அச்சில் பொட்டு மை இல்லை.
எழுந்துபோய் வேட்டிக்குள் கையை விட்டு
ஒரு விரல் தடவிவிட்டு வரலாமா என்றிருந்தது.
பக்கத்தில் ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்தார்.
நானும் துடைத்தேன், கொட்டாவியில் வந்த நீர்.
நடுவில் தூங்கியும்விட்டேன்.
விழித்தபோது வண்டி
அதே பனைமரத்தை இன்னும் தாண்டவில்லை.

முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள்.
அதுதான் காலம் என்றார் ஒருவர்.
சக்கரம் நாம்தான் என்றார் இன்னொருவர்.
"உங்களுக்கு எப்படி இருந்துச்சு, தெய்வநாயகம்?"
"ரெண்டு ரூபா வண்டி மை போதும்" என்றேன்.
சிரித்தார்கள்.
நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ராஜா படம்.
மகள் மூன்று டிக்கெட் எடுத்திருந்தாள்.
பைபாஸ் ரோட்டுத் தியேட்டர், சாய்கிற நாற்காலி,
பாப்கார்ன் விலைக்கு ஒரு பம்புசெட்டையே சரிபண்ணலாம்.
பாண்டியன் அழுதான்,
நாயக்கர் மகால் தூணில் சாய்ந்து.
அவன் செத்துப் பல தலைமுறை கழித்துக் கட்டிய தூண்.
பரவாயில்லை, நன்றாகத்தான் அழுதான்.
நானும் அழுதேன், செண்பகா பார்க்கவில்லை.
யானை, நெருப்பு, தாய்,
தாய்நாடு, வாள், மறுபடி தாய்.
எல்லாரும் மைக் முன்னால் நிற்கிற மாதிரியே பேசினார்கள்.
மூன்று மணி நேரத்தில் ஒருத்தனும்
தண்ணி குடு என்று கேட்கவில்லை.

பிறகு தேர்.
எட்டுக் குதிரை, ஆளுயரச் சக்கரம்,
கல்லும் மண்ணுமான பாதையில்
வெண்ணெயில் கத்தி போவதுபோல் வருகிறது.
அங்கேயே எனக்குச் சந்தேகம்.
காமிரா சக்கரக் குடத்தை ஒட்டிப் போன அரை நொடி,
உள்ளே மினுங்கியது
ரப்பர் சீல் வைத்த பேரிங்.
அறுபத்திமூணு பத்தா, பன்னிரண்டா, சரியாகத் தெரியவில்லை.
என் கடைச் சரக்காகவே இருக்கலாம்.
"செண்பகா, பேரிங்!"
"வாயை மூடுங்க" என்றாள், கண்ணீரோடு.
அதற்குப் பிறகு பறந்த அம்பு எதுவும்
என்மேல் படவில்லை.
அவளுக்கு நாலைந்து பட்டிருக்கும்.
வீடு வரும்வரை பேசவே இல்லை.

படுத்தால்
தேர் வரவில்லை. யானைகூட வரவில்லை.
கிரீச்.
விசிறிதான். ஆறு மாதமாக அப்படித்தான்,
பேரிங் கடைக்காரன் வீட்டு விசிறி.
ஒரு சுற்று, இன்னொரு சுற்று,
கேட்டுக்கொண்டே கிடந்தேன்.
அந்த வண்டிக்காரனின் முதுகு தெரிந்தது,
சட்டையில் உப்புப் பூத்த இடம் தெரிந்தது.
அன்றைக்கு அதை நான் பார்த்ததாகவே ஞாபகமில்லை.
அவன் ஒருமுறையாவது திரும்பினானா?
நான் தூங்கிய நேரத்தில் திரும்பியிருந்தால்?

மணி பன்னிரண்டரை. போன் போட்டேன்.
"பிரிட்டோ, வண்டிக்காரன் மூஞ்சியைக் காட்டுனானா?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"நானும் அங்கதான்ணே தூங்கிட்டேன்."

ஒன்பது நிமிடம் அதிகம்தான்,
இப்போதும் சொல்வேன். நாலு போதும்.

"நாளைக்காவது அதை மாத்துங்க"
இருட்டுக்குள்ளிருந்து செண்பகா.
மாத்தணும்.
இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும்.