ஆறு மில்லி

போன ஆவணியில் ஷிஜு தூக்கிக்கொண்டு வந்த பெட்டியை
இன்னும் வெளியே எறியவில்லை.
வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று
கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
நான் செய்ததுதான். எம்.டி.எஃப்., பதினெட்டு மில்லி,
மூலைக்கு மூலை சிலிக்கான்.
கம்பத்து வெயிலில் பிறந்து
வண்டன்மேட்டில் ஒரே ஒரு மழைக்காலம் இருந்தது.
அடிப்பக்கம் இப்போது டீயில் விழுந்த ரஸ்க்.

செல்வேந்திரன் குனிந்து பார்த்தான்,
கிள்ளியும் பார்த்தான். நகத்தோடு வந்தது.
"அப்ப இது வேண்டாங்கிறியா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ரூட்டருக்கு அடியில் அது வெண்ணெய்.
நரம்பில்லை, கணுவில்லை,
எந்தப் பக்கம் அறுத்தாலும் ஒரே குணம்.
பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் உள்ளே எவ்வளவு குதித்தாலும்
தன் பங்குக்கு ஒரு வார்த்தை பேசாது.
தூள்தான் தொல்லை. மூன்று நாளைக்கு
மூக்கைச் சிந்தினால் காப்பிப்பொடி.

பிர்ச் வேறு ரகம்.
பதினெட்டு மில்லிக்குள் பதின்மூன்று ஏடு;
அறுத்த ஓரம் பிய்த்துப் போடாத புரோட்டா.
திருகாணியை நாலு தடவை கழற்றி மாட்டினாலும் பிடி விடாது.
பனி பெய்கிற தேசத்தில் வளர்ந்து, கொச்சியில் இறங்கி,
மலை தாண்டி என் கைக்கு வரும்போது
விலை இரண்டரை மடங்கு.

"சத்தத்துல வித்தியாசம் தெரியுமா?"

இருபது வருடமாக இந்தக் கேள்விக்குக்
"கண்டிப்பா" என்று சொல்லித்தான் சோறு தின்கிறேன்.
அன்றைக்கு என்னவோ, தெரியாது என்றேன்.
இரண்டு துண்டையும் தட்டிக் காட்டினேன்.
ஒன்று தொப். ஒன்று டொக்.
தார்ப்பாய் படபடக்க இரண்டாம் கியரில் மெட்டு ஏறும்போது
தொப்பும் டொக்கும் எந்தக் காதுக்குப் பிரியும்?

அவன் ஜீப் விடியற்காலை ஐந்தரைக்குப்
பதினாலு பெண்களை ஏலக்காட்டுக்கு ஏற்றுகிறது.
முன்சீட்டுக்கு முதுகு கொடுத்துப்
பெட்டி உட்காரப் போகிற இடத்தில்
இப்போது ஒச்சம்மாளின் கால் இருக்கிறது.

அளவெடுக்கப் போனேன். டேப்பின் மறுமுனையை
அவளே பிடித்துக்கொண்டாள்.
"பாட்டு வேண்டாங்கலை. ஏத்தத்துல
டிரைவர் தூங்காம இருக்க அதுவும் வேணும்.
முட்டிய எங்க வைக்க? கழட்டி மடியில வச்சுக்கவா?"
பின்னாலிருந்து பஞ்சவர்ணம் சிரித்தாள்.
"மூணு விரக்கடை குறைச்சுக் குடு."

மூணு விரக்கடை குறைத்தால் உள்ளே காற்று பத்தாது.
காற்று பத்தாவிட்டால் ஸ்பீக்கர் தொண்டை கட்டின ஆள்.
ராத்திரி கரண்ட் பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
உள்ளளவைத் தொட முடியாது.
சுவரைத் தொடலாம்.
எம்.டி.எஃப். பதினெட்டுக்குக் கீழே போனால் எனக்குக் கை நடுங்கும்.
பிர்ச் பதினைந்திலும் நிற்கும்.
இந்தச் சுவரில் மூன்று, எதிர்ச்சுவரில் மூன்று.

செல்வேந்திரனிடம் மழையைப் பற்றிப் பேசவில்லை,
சத்தத்தைப் பற்றியும் பேசவில்லை.
ஆறு மில்லி மிச்சம் என்றேன்.
"ஆறு மில்லிக்கா அவ்வளவு காசு?"
ஷிஜுவின் ரஸ்க்கை இன்னொரு தடவை கிள்ளினான்.
ஊதிவிட்டான்.
"ரெண்டு தவணையா வாங்கிக்க."

திங்கட்கிழமை மாட்டி முடித்து நானும் ஏறிக்கொண்டேன்,
எந்தத் திருகாணியாவது பேசுகிறதா என்று கேட்க.
கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் டார்ச் உள்ளே நுழைந்தது.
"இதெந்தா பெட்டி?"
லத்தியால் தட்டினார். டொக்.
போகச் சொன்னார்.

மூடுபனி பிடிக்கிற வளைவில் ஒச்சம்மாள்
முட்டிக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டாள்.
நகம் வரைக்கும் போனது.
"மூணு கேட்டேன், அரை விரல் குடுத்திருக்க" என்றாள்.
எனக்குச் சொல்லப் பதில் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து
டிரைவரிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.