இரண்டேகால் நூல்

முதலில் ஒட்டுபாலை உருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.
மாடியேறி மேசைமேல் வைப்பதற்குள்
விரல் பதிந்த பள்ளமெல்லாம் நிமிர்ந்துவிட்டன.
ரப்பருக்கு ஞாபகம் உண்டு;
தன்னைப் பற்றி மட்டும்.

மறுநாள் எம்-சீல். இடது கை.
இறுக்கிப் பிடி, இருபது நிமிடம்.
கீழே குலசேகரம் சந்தையில் மரச்சீனிக்கு விலை கூவினார்கள்.
"கை மரத்துப்போச்சு, விடலாமா?" என்றாள் லில்லிபுஷ்பம்.
விடலாம்.
சாம்பல் நிறத்தில் அவள் பிடி கிடந்தது,
நேர்கோடு ஒன்றுகூட இல்லாமல்.

கடையில் விற்கும் பால்வெட்டுக் கத்திகள்
வலதுகைக்காரர்களுக்கு.
விடிவதற்குள் முந்நூறு மரம்.
எந்த மரமும் இவளுக்காகப் பட்டையைத் திருப்பிக்கொள்வதில்லை,
வெட்டு இடமிருந்து வலம் இறங்கியே ஆகவேண்டும்.
பெருவிரல் அடியில் காய்ப்பு,
காய்ப்பின்மேல் பிளாஸ்திரி,
அதன்மேல் பால் உலர்ந்த கறை.

கணினியில் ஒரு பெட்டியில் தொடங்கினேன்.
முதல் வேலையாகச் சமச்சீரை அணைத்தேன்.
பிறகு இழுத்தேன், தள்ளினேன்,
பரோட்டா மாவுபோல் வந்தது பரப்பு,
அழகாக, அளவுக்கு அடங்காமல்.
வெர்னியர் வைத்தால் எம்-சீல் முப்பத்தொன்று,
திரையில் முப்பது புள்ளி ஆறு.
அந்தக் குறையை நிரப்பினால்
பக்கத்து இடுப்பு வீங்குகிறது.
வீக்கத்தை அமுக்கினால் முப்பது புள்ளி மூன்று.
கல்யாணப் பந்தியில் ஒருவர் நகர்ந்து உட்கார
வரிசை முழுக்க இலை நகர்வதுபோல
ஒரு வாரம்.

எது பிசகவே கூடாது என்று
அதற்குப் பிறகுதான் கேட்டுக்கொண்டேன்.
கத்தியின் வால் நுழையும் துளை.
அதை மாவில் பிசையவில்லை.
தனியே ஓர் உருளை: விட்டம் எட்டு, ஆழம் நாற்பத்தைந்து,
கையால் இழுக்காமல் எண்ணாகத் தட்டி.
வளைவுக்குள் இறக்கிக் கழித்தேன்.
பிறகு பிடியின் குறுக்கே ஐந்து தளங்கள் நிறுத்தி
ஒவ்வொன்றிலும் எம்-சீலின் வெட்டுமுகத்தை வரைந்து
பரப்பு அதைத் தொடும்வரை தள்ளினேன்.
இரண்டு தளங்களுக்கு நடுவே
எப்படி வளைந்து போகிறதோ, போகட்டும்.

அச்சுக்குப் பதினொரு மணி நேரம்.
ஒன்பதாவது மணியில் மழை, கரண்டு போனது.
மறுபடி பதினொன்று.

பிடித்துப் பார்த்தாள். காற்றில் ஒரு மரத்தைச் சீவினாள்.
"பெருவெரலுக்க அடியில ஒரு நூலு எறங்கணும், கேட்டியளா."

ஒரு நூல்.
ஆசாரிக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒன்று,
என் கணக்கில் மூன்று புள்ளி ஒன்று ஏழு ஐந்து.
புள்ளியைப் பிடித்து அவ்வளவே இறக்கினேன்.
பரப்பு இறங்கியதோ அதில் பாதிகூட இல்லை.

இத்தனை நாளும் கவனிக்கவில்லை,
புள்ளி பரப்பின்மேல் இல்லை.
சற்று வெளியே, காற்றில் நிற்கிறது.
நான் பிடித்து இழுத்ததெல்லாம்
ஒரு கூண்டின் முனைகளை.
சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளும்
அந்த இடத்தைத் தங்கள் பக்கம் பிடித்துக்கொண்டிருக்க
இதன் சொல்லுக்கு மதிப்பு ஒன்பதில் நான்கு.

தாளில் பெருக்கிப் பார்த்தேன்.
கை ஒரு நூல் இறங்க
புள்ளி இரண்டேகால் நூல் இறங்கவேண்டும்.
ஏழு புள்ளி ஒன்று நான்கு. தட்டினேன்.
பரப்பு சத்தமில்லாமல் வந்து
சொன்ன இடத்தில் உட்கார்ந்தது.
யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமென்று பார்த்தால்
மாடியில் நான் மட்டும்.

ஒரு மாதம் கழித்து வந்தாள்,
மீதி இருநூறு ரூபாயும் சிரட்டை வாசமுமாக.
பெருவிரலில் பிளாஸ்திரி இல்லை.
"அது போச்சு. இப்போ இங்க,"
மோதிரவிரல் அடியைக் காட்டினாள்:
புதிதாக ஒரு மேடு, மிளகளவு.

அவள் சிரித்துக்கொண்டே நீட்டிய கையில்
வெர்னியர் வைத்து அளந்தேன்.
புள்ளி எட்டு.
கோப்பைத் திறந்தேன்.
சுற்றி நின்ற எட்டில்
எது இது?