சாவிக்கொத்து

பெண்கள் கழிவறைச் சாவியும்
பேலர் மெஷின் சாவியும்
ஒரே வளையத்தில் கிடந்தன.
யார் கோர்த்தது என்று தெரியாது,
நான் வேலைக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான்.
எனக்கு ஒன்றுக்கு வந்தால் மெஷின் நிற்கும்.
பந்துல உஸ்ஸென்று மூச்சு விடுவார்.

தொட்டலங்கப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
களனி கங்கையின் வாடை ஏறிய தகரக் கொட்டகை.
புறக்கோட்டைக் கடைகள் கழித்த அட்டைப் பெட்டிகள்
விடியமுன் லொறியில் வரும்:
குளிசைப் பெட்டி, சப்பாத்துப் பெட்டி,
'கண்ணாடி, கவனம்' என்று மூன்று மொழியில் எழுதிய பெட்டி.
எல்லாவற்றையும் ஒரே மாதிரித்தான் அமுக்கும் அது.
இருபது தொன் தள்ளும் என்று பக்கத்தில் ஒரு தகடு,
மிச்சமெல்லாம் சீன எழுத்து. கீழே ஒரு படம்:
கறுப்புக் கை, அதன்மேல் தடித்த அம்பு.
வாசிக்க மொழி தேவையில்லை.
அதன்மேல்தான் கலண்டர் மாட்டியிருந்தோம்.

கதவு திறந்தால் தட்டு அசையக் கூடாது.
அதற்கென்றே ஒரு சுவிட்ச், கட்டைவிரல் நகமளவு.
ஐஸ்பழக் குச்சியால் அதை நெருக்கி
ரப்பர் வளையம் போட்டது நான்.
பந்துல இல்லை. முதலாளி இல்லை. நான்.
ஒரு கட்டுக்கு நாற்பது செக்கன் மிச்சம்;
இருபத்திரண்டு கட்டுக்குக் கிட்டத்தட்டக் கால் மணித்தியாலம்
என்று அட்டையின் பின்புறம் பெருக்கிப் பார்த்தேன்.
எனக்குக் கணக்கு எப்போதும் நன்றாக வரும்.

பச்சைப் பொத்தான் அமுங்கியபடியே
ஒட்டிப்போய் மாதக் கணக்கு.
சாவியைத் திருப்பினால் ஓடும், உருவினால் நிற்கும்.
எங்களுக்குத் தெரிந்த மெஷின் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, இரண்டே முக்கால். கரண்ட் போனது.
தட்டு பாதி வழியில் நின்றது.
அடுத்த பட்டறை ரேடியோ ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது.
இதுதான் நேரமென்று சாவிக்கொத்தை உருவிக்கொண்டு
பின்பக்கம் போனேன்.
மெஷினைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஹஸ்மத் சாவித் துவாரத்தைப் பார்க்கவில்லை.
கரண்ட் இல்லை, செத்துத்தானே கிடக்கிறது
என்று கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்து,
மறு காலையும் வைத்து,
தட்டின் மூலையில் சுற்றியிருந்த நீல நைலோன் கயிற்றைக்
குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான்.

என் தலைக்கு மேல் குண்டு பல்ப் எரிந்தது.
ரேடியோ அதே பாட்டின் வேறு வரியில் எழும்பியது.
பக்கத்துக் கொட்டகையில் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின்
யாரும் தொடாமலே கத்தத் தொடங்கியது.
ஏதோ ஒரு சத்தம் மட்டும் வரவில்லை.
எது என்று யோசித்தபடி
கையில் இருந்ததைப் பார்த்தேன்.

ஓடி வந்தால்
பெட்டிக்குள்ளிருந்து ஒரு தலை:
"கரண்ட் வந்தா?"
கையில் அறுத்த கயிறு. சிரிக்கிறான்.

விபத்துப் புத்தகத்தில் எழுத ஒன்றுமில்லை.
காயம்: இல்லை. ஆஸ்பத்திரி: இல்லை.
சுவர்ப் பலகையில் 'விபத்தில்லா நாட்கள்'
இருநூற்றுப் பதினொன்றை அழித்து
இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார் பந்துல.
பொய்யென்று சொல்ல முடியாது.
அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்,
ஐந்து விரலும் இருந்தன, வாய்க்குப் போகவில்லை.

அடுத்த நாள் பந்துல, நல்ல மனிதர்,
கழிவறைச் சாவியைத் தனியே கழற்றிச்
சிவப்பு நாடா கட்டித் தந்தார்.
"இனி மெஷினை நிப்பாட்டத் தேவையில்ல, நங்கி."

கட்டுக்கம்பியில் ஒரு துண்டு வெட்டினேன்.
இரண்டு சாவியையும் சேர்த்துக் குறட்டால் ஏழு முறுக்கு.
ஐஸ்பழக் குச்சியை ஒடித்து
அடுத்த கட்டுக்குள்ளேயே போட்டேன்.
அன்றைக்கு இருபத்தொரு கட்டு.
ஒன்று குறைகிறதே என்றார்.
ஓம், ஒன்று குறைகிறது.

உள்ளே இறங்கமுன் ஹஸ்மத் இப்போது கையை நீட்டுகிறான்.
கொத்து அவன் சட்டைப் பைக்குள் போகிறது.
அவன் வெளியே வரும்வரை,
எவ்வளவு முட்டினாலும்,
அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.